அரியலூரில் யார்?

மனிதனுக்கு அந்தரங்கம் என்று ஒன்று வேண்டும், அதைப் பறிப்பவன் கொடியவன் என்று வகுப்பில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, அதே வாரம் ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை நாலு குண்டூசி குத்தி அறிவிப்புப் பலகையில் தொங்கவிட்டவன் நான். யாரும் மிரட்டிச் செய்யவில்லை. பதவி உயர்வுக்காகவும் செய்யவில்லை. பெருமைக்காகச் செய்தேன்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில், பெரம்பலூரைத் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். பொறியியல் கல்லூரியில் ஆங்கில வாத்தியார் என்பவர் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி. பந்தியில் இடம் உண்டு. எந்த விஷயத்திலும் அவரைக் கலந்து ஆலோசிக்க மாட்டார்கள். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள நாவல்கள் படித்தேன். குடிமக்கள் பல் விளக்குவதைக்கூட ஒளிந்திருந்து பார்க்கும் அரசாங்கங்களைப் பற்றிய வெளிநாட்டு நாவல்கள். திருச்சிப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ‘உண்மை’ என்று எழுதி வைப்பேன். அந்தக் கதைகளில் வரும் சர்வாதிகாரிகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஒருத்தனைக் கண்காணிக்க எத்தனை இயந்திரம், எத்தனை உளவாளி, எவ்வளவு மின்சாரம். எங்கள் கல்லூரியில் ஒரு ஏ.ஓ.வும் அவர் கழுத்தில் தொங்கிய விசிலும் போதுமாக இருந்தன.

ஏ.ஓ. என்றால் நிர்வாக அதிகாரி. ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி என்று வகுத்தவர் அவர்தான். விடுதிக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். செல்போன் பிடிபட்டால் அப்பா வர வேண்டும். கல்லூரி பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், நடு இரண்டு வரிசையில் ஆசிரியர்கள். அந்த வேலியில் நானும் ஒரு கம்பம். அங்கே உட்கார்ந்துதான் சுதந்திரத்தைப் பற்றிய நாவல்களைப் படித்தேன். பெற்றோருக்கு இதிலெல்லாம் குறை கிடையாது. ‘கண்டிசனான காலேஜ்’ என்று விசாரித்துத்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்கள்.

ஒரு நாள் வகுப்பில் இந்த நாவல்களைப் பற்றி ஆவேசமாகப் பேசினேன். பேச்சின் சூட்டில் ஒரு கட்டுரைத் தலைப்பும் கொடுத்தேன்: ஒரே ஒரு நாள் உங்களை யாருமே பார்க்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? தமிழிலேயே எழுதலாம். பெயர், எண் எதுவும் வேண்டாம். நான் மட்டும் படிப்பேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அறுபது தாள் வந்தது. பையன்கள் பெரும்பாலும் சினிமாவுக்குப் போனார்கள். சிலர் ஏ.ஓ.வின் ஸ்கூட்டரில் காற்றைப் பிடுங்கினார்கள். ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

“அன்றைக்கு நான் அரியலூருக்குப் பஸ்ஸில் போவேன். பெரம்பலூரில் ரயில் இல்லை. ஸ்டேஷனில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு போண்டா சாப்பிடுவேன். சிமெண்ட் ஏற்றிக்கொண்டு போகும் கூட்ஸ் வண்டியில் எத்தனை பெட்டி என்று எண்ணுவேன். தப்பாக எண்ணினாலும் பரவாயில்லை. பிறகு வீட்டுக்கு வந்துவிடுவேன். போனதை யாரிடமும் சொல்ல மாட்டேன். அது எனக்கு மட்டும் தெரியும்.”

அவ்வளவுதான். நான் அடிக்கோடு போட்ட அத்தனை நாவல்களும் இந்தப் பத்து வரிக்கு முன்னால் வாயாடிகளாகத் தெரிந்தன. உடனே எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது, தாளைக் கிழிப்பது. தோன்றியதோ, என் போதனையின் பலனை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது. பெயர்தான் இல்லையே என்று தைரியம். பிரதி எடுத்தாவது மாட்டியிருக்கலாம். கையெழுத்து அழகாக இருந்தது, மூலமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மேலே சிவப்பு மசியில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையொப்பமும் போட்டேன். என் பெயர் விட்டுப்போகக் கூடாதல்லவா.

மறுநாள் பத்து மணிக்குப் பலகையில் தாள் இல்லை. ஏ.ஓ. எடுத்துப்போய், முதலாண்டுப் பெண்கள் அத்தனை பேரின் லேப் ரெக்கார்டு நோட்டுகளையும், தமிழில் எழுதிக் கொடுத்த விடுப்புக் கடிதங்களையும் வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்லூரியில் அவ்வளவு கவனமாக யாரும் ரெக்கார்டு திருத்தி நான் கண்டதில்லை. மூன்று மணிக்குள் ஆள் கிடைத்துவிட்டது. செட்டிகுளத்துப் பக்கத்திலிருந்து வரும் பெண். வகுப்பில் இரண்டாவது வரிசை. அவர்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் காலை அவளுடைய அப்பா வந்தார். சின்ன வெங்காயம் பறிப்பில் இருந்தவர், பாதியில் எழுந்து வந்திருந்தார். தாளாளர் அறையில் அவரை உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தலைப்புக் கொடுத்தவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

“அரியலூர்ல யாரும்மா?” என்றார் தாளாளர்.

“யாருமில்ல சார்.”

“யாருமில்லாத ஊருக்கு எதுக்கும்மா போவணும்?”

ரயில் பார்க்க என்று மெதுவாகச் சொன்னாள். ஏ.ஓ. சிரித்தார். ரயில் பார்ப்பதை யாராவது மறைப்பார்களா, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஏன் எழுத வேண்டும் என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பாவுக்கும் அது நியாயமான கேள்வியாகப் பட்டது. முகத்தில் தெரிந்தது. தாளாளர் கெட்டவரில்லை. பையன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டால் மன்னித்து வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பன்னிரண்டு மணி வரைக்கும் அவகாசம். இல்லாத பையனின் பெயரை எழுதினால் படிக்கலாம். உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம்.

என்னைக் கேட்டார்கள். நானே தலைப்புக் கொடுத்தேன், கற்பனையாக எழுதச் சொன்னேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கலாம். “தலைப்பு என்னுடையதுதான் சார். உள்ளே எழுதியது மாணவர்களின் சொந்தக் கருத்து” என்றேன். இலக்கணச் சுத்தமான வாக்கியம்.

வராந்தாவில் அவள் தனியாக நின்றாள். அப்பா தூரத்தில் வேறு பக்கம் திரும்பி நின்றார். நான் போய், தணிந்த குரலில், நான் வேறு மாதிரி ஆள் என்று காட்டும் தோரணையில் கேட்டேன்: “எங்கிட்ட மட்டும் சொல்லும்மா. யாரு?”

இந்த ஊரில் ஒருவராவது அந்தக் கட்டுரையை அப்படியே நம்பியிருக்க வேண்டும் என்றால் அது நான். நானும் கேட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, “அந்தப் பேப்பரக் கிழிச்சுடுவேன்னு சொன்னீங்கள்ல சார்?” என்றாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா தாளாளரிடம் வந்து, அவள் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்றார். “இனிமே இவ வெறவு பொறுக்கப் போனாக்கூட அரியலூர்ல யாருன்னுதாங்க கேப்பாங்க. படிச்சது போதுங்க.” இருவரும் வாசல் வரை நடந்து போனார்கள். அவர் முன்னால், அவள் பத்தடி பின்னால். தை மாதம் கல்யாணம் ஆகிவிட்டது என்று கூடப் படித்த பெண் ஒருத்தி யாரிடமோ சொன்னதைக் கேட்டேன்.

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன், நடை சரியாக வரவில்லை. இரண்டாயிரத்து ஏழு வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

ஏ.ஓ. என்னிடம் பிரியமாகிவிட்டார். நல்ல ஐடியா சார், வருசா வருசம் எழுத வைங்க, புள்ளைங்க மனசுல என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியணும்ல என்றார். மறு ஆண்டு தலைப்பை அவரே சுற்றறிக்கையில் போட்டுவிட்டார், நான் தாள்களை வாங்கினேன். அறுபது பேரும் யாரும் பார்க்காத அந்த நாளில் அதிகாலையில் எழுந்து பாடம் படித்து, அம்மாவுக்கு உதவி செய்து, சாமி கும்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். அதற்கடுத்த ஆண்டும் அதே. கையெழுத்துகூட ஒன்றுபோல, அச்சடித்த மாதிரி, ஆள் அடையாளம் தெரியாதபடி இருந்தது.

அந்தத் தாள் கட்டை மேசையில் போட்டுவிட்டு, ஒருத்தருக்கும் சொந்தமாக ஒரு ஆசைகூட இல்லாமல் போய்விட்டதே என்று ஆசிரியர் அறையில் நொந்துகொண்டிருந்தேன். டீ கொண்டுவரும் அக்கா டம்ளரைத் தாள்களின் மேலேயே வைத்தார். எங்கள் வராந்தாவை ஏழு வருடமாகக் கூட்டுபவர். நின்று நிதானமாகச் சொன்னார்:

“சாரு சொல்றத ஒருத்தரும் காதுல வாங்குறதில்லன்னுதான் நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம். அந்தப் புள்ள ஒண்ணுதான் வாங்குச்சு. மத்ததுக்கெல்லாம் இப்ப புத்தி வந்துடுச்சு, விடுங்க.”