யார் பக்கம் என்று கேட்கக்கூடாது

“அசையாம நில்லுடி, என் தங்கம்ல,” என்று நகமளவு கண்ணாடியிடம் கெஞ்சிக்கொண்டே அதன் திருகாணியை ஒரு மயிரிழை திருப்புகிறார் கண்ணாடி அக்கா. நாக்கு நுனி வாயோரம் எட்டிப் பார்க்கிறது. இருட்டறை. பெரிய இரும்பு மேஜை. அதன்மேல் இப்படி நாற்பது கண்ணாடிகள். அக்கா வளையல், மோதிரம் எதுவும் போடமாட்டார். ஒளி பட்டு மின்னினால் வேலை கெட்டுவிடுமாம்.

நான் அந்த ஆய்வுக்கூடத்தின் ஏ.சி. மெக்கானிக். அரை டிகிரி ஏறினால் கண்ணாடிகள் நகர்ந்துவிடும், எனக்குத் திட்டு விழும். “தம்பி, உன் மெஷினுக்கு ஜுரமா?” என்பார். ஐம்பத்தாறு வயது. வீட்டிலும் இதே கதைதான். சுவரில் மாட்டிய படத்தை நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாராம். “என் தலையையே ரெண்டு தடவை நேராக்கியிருக்கா,” என்பார் அவர் கணவர்.

மேஜை நடுவில் ஒரு படிகம். லேசர் பட்டால் அதிலிருந்து ஒளித்துகள்கள் ஜோடி ஜோடியாகப் பிறக்கும். ஒன்று இந்த மூலைக்கும் மற்றது அடுத்த அறைக்கும் போகும். எவ்வளவு தள்ளிப் போனாலும் ஒட்டுறவு விடாது. ஆனால் வழியில் மறித்து ஒன்றை அளந்துவிட்டால் போச்சு, ஒட்டு அறுந்துவிடும். எனக்கு இதைப் புரியவைத்தவர் அக்காதான். “புருசன் பொண்டாட்டி நடுவுல போய் ‘நீ யார் பக்கம்’னு கேட்டா வீடு ரெண்டாகுமா இல்லையா? அதான்.”

ஒட்டு இருப்பதை ஓர் எண் சொல்லும். அது இரண்டைத் தாண்ட வேண்டும். அதற்குக் கொடுத்த தவணைக்கு நேற்று கடைசி நாள். தாண்டாவிட்டால் அறை வேறு குழுவுக்குப் போய்விடும். காலையிலிருந்து ஒன்று புள்ளி நாலிலேயே படுத்துக் கிடந்தது. அடுத்த அறையில் பேராசிரியர் முகம் தொங்கிப்போயிருந்தது.

மதியம் நான் உள்ளே போனபோது அக்கா டார்ச்சோடு குனிந்தபடி அப்படியே நின்றார். ஒளி போகும் வழியில் ஒரு சின்ன வடிகட்டிக் கண்ணாடி. முந்தின நாள் சோதனைக்கு அவரே வைத்து, எடுக்க மறந்தது. அந்த வழியே வந்த ஒவ்வொரு துகளையும் ‘நீ யார் பக்கம்’ என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

இருபத்தேழு வருஷத்தில் அவர் வேலையில் ஒரு குறை சொன்னவர் இல்லை. நான் மெதுவாகச் சொன்னேன்: “பையில போட்டுக்கக்கா. நான் எதையும் பாக்கல.”

“நான் பாத்துட்டேனே தம்பி.”

நேரே போய் அதைப் பேராசிரியரின் உள்ளங்கையில் வைத்தார். “சார், காரியத்தைக் கெடுத்தது நான்தான். நேத்து வச்சு மறந்துட்டேன். திட்டுறதை அப்புறம் திட்டுங்க. இப்ப லேசரைப் போடுங்க.”

பேராசிரியர் அவரையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். “அக்கா, நீங்களும் மறப்பீங்களா? இப்பதான் எனக்கு நிம்மதியா இருக்கு.”

எண் ஏறி இறங்கித் தத்தளித்து, மாலைக்குள் இரண்டு புள்ளி நாலில் உட்கார்ந்தது. மாணவர்கள் நாற்காலிகளைத் தட்டித் தாளம் போட்டார்கள். அக்கா மட்டும் திரைப் பக்கம் திரும்பவில்லை. வடிகட்டியைத் திரும்ப வாங்கி, குருடனுக்கும் தெரியும்படி அதற்கு ஒரு முழச் சிவப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தார்.