பூசைக்குக் குளித்த ஒற்றைச் சக்கரம்

என் சக்கரத்தைக் கொன்றது ஆயுத பூசை. கொன்றவர் என் வீட்டுக்காரர். அதுவும் மரியாதையோடு கொன்றார். அதனால் நியாயமாகக் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போனது. இருந்தாலும் கோபப்பட்டேன்.

சக்கரம் என்று நான் சொல்வது எலக்ட்ரிக் வண்டி ஒன்றை. நடுவில் தடித்த ஒரே டயர், இரண்டு பக்கமும் மடக்கிக்கொள்ளும் மிதி, உள்ளே பேட்டரி. ஹேண்டில் கிடையாது, சீட் கிடையாது. மிதியில் ஏறி நின்று முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி ஆசைப்பட்டு வாங்கி, வாங்கிய கையோடு விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டான். இனி இது என் கண்ணில் படக்கூடாது என்று மலையாளத்து எல்லையோரம் எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்து வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். தேங்காய் குடோன் மூலையில் அது பாட்டுக்குக் கிடந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் என் வலது கை, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் போயிருந்தது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அதுவரை எனக்கு எல்லாமே ஸ்கூட்டர்தான். காலையும் மாலையும் பால் சொசைட்டிக்கு, கொழிஞ்சாம்பாறைக்கு, ரேஷன் கடைக்கு என்று நான் வீட்டில் இருந்த நேரத்தைவிட ரோட்டில் இருந்த நேரம் அதிகம். கை போன பிறகு ஆக்சிலேட்டரை இடது பக்கம் மாற்றிப் பார்த்தோம். பால் கேனோடு வாய்க்காலுக்குள் இறங்கியதுதான் மிச்சம்.

அதன் பிறகு வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும் ஆளாகிவிட்டேன். அவர் நல்லவர். கூப்பிட்டால் வருவார். ஆனால் கூப்பிட வேண்டுமே. தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தால் மோட்டார் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். தேங்காய் வியாபாரி வந்து பேசிக்கொண்டிருந்தால் அந்த ஆள் எழுந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். கறந்த பால் யாருக்காகவும் காத்திருக்காது. நானும் காத்திருக்கிற ஜாதி இல்லை.

அப்படி ஒருநாள் எரிச்சலில் குடோனுக்குள் போய் அந்தச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தேன். கட்டுத்தரையில் மாடு கட்டும் நீளக் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு ஏறி நின்று பழகினேன். நான் விழும்போதெல்லாம் எங்கள் செவலை மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது, பாலையும் அடக்கிக்கொண்டது. விழுந்த இடமெல்லாம் சாணி என்பதால் அடி பலமாக இல்லை. கம்பியை விட்டுவிட்டு வாசல்வரை போன அன்று நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். கை போனதிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு பால் கேனை இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு சொசைட்டிக்குப் போக ஆரம்பித்தேன். பால் அளக்கும் பெண் மலையாளத்தில், "சேச்சி சர்க்கஸில் சேர்ந்நோ?" என்று கேட்டாள். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். எங்கள் ஊரில் வீட்டு வண்டி, டிராக்டர், மோட்டார், மண்வெட்டி எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்போம். என் விரல்களைத் தின்ற மெஷினுக்குக்கூட வருடா வருடம் நான்தான் இடது கையால் சந்தனம் வைக்கிறேன். அது வெட்டிக் கொடுக்கும் தட்டைத் தின்றுதான் மாடு பால் கொடுக்கிறது. எது தட்டு, எது விரல் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் என் சக்கரத்தை மட்டும் அவர் வரிசையில் நிறுத்த மாட்டார். "பொம்மைக்கெல்லாம் பூசையா அம்மிணி?" என்பார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வருடம் அவருக்கு என்ன தோன்றியதோ, நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில், டிராக்டரைக் கழுவிய கையோடு என் சக்கரத்தையும் எடுத்து வைத்துக் கழுவியிருக்கிறார். சும்மா கழுவவில்லை. கிணற்று மோட்டார் ஹோஸைப் பிடித்து, மிதியின் இடுக்கு, மூடியின் இடுக்கு என்று ஒரு இடம் விடாமல் பீய்ச்சியடித்திருக்கிறார். அதோடு விட்டாரா? டிராக்டருக்கு டீசல் நிரப்பினோமே, பூசையன்று இது மட்டும் வெறும் வயிற்றோடு நிற்கலாமா என்று சார்ஜும் போட்டுவிட்டார்.

நான் வெளியே வந்தபோது அது வரிசையில் டிராக்டருக்குப் பக்கத்தில், செவ்வந்திப் பூமாலை போட்டுக்கொண்டு நின்றது. பார்த்ததும் மனசு நிறைந்துபோனது, அதை மறைக்க மாட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினார். அடுத்த நிமிடம் மாலைக்குள்ளிருந்து புகை வந்தது. ஊதுபத்தி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உஸ் என்று ஒரு சத்தம். அவர் ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். புகை இன்னும் அதிகமானது. நான் ஒற்றைக் கையால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். அவர் டிராக்டரைத் தள்ளி நிறுத்தினார். கடைசியில் இரும்பு வளையமும் இரண்டு மிதிகளும் மிஞ்சின.

பூசை நடந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் நடந்தது. அவர் சாப்பிடவில்லை.

"நா நல்லதுக்குத்தான அம்மிணி செஞ்சன்" என்றார்.

"தெரியுதுங்க. திட்டறதுக்குக்கூட வழியில்லாமப் பண்ணிப்போட்டீங்களே, அதுதான் எனக்கு ஆத்தரமா இருக்குது" என்று சொல்லிவிட்டு அழுதேன். ஒரு வண்டிக்காக அழுகிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

மறுநாளிலிருந்து அவர் மாறிவிட்டார். நான் பால் கறந்து முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிளை வாசலில் ஸ்டார்ட் பண்ணி வைத்திருப்பார். "ஏறு அம்மிணி, போலாம்." கடைக்கா, ஏறு. கோயிலுக்கா, ஏறு. தண்ணீர் பாயட்டும், வியாபாரி காத்திருக்கட்டும், ஏறு. சொசைட்டியில் எல்லோரும், இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். வண்டியின் ஒரு பக்கம் பால் கேன் தொங்கும், பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். இரண்டையும் இறக்கிவிட்டு இரண்டையும் ஏற்றிக்கொண்டு வருவார். எனக்கு மூச்சு முட்டியது.

"எனக்கு வேற சக்கரம் வேணுங்க" என்றேன்.

"நாந்தான் இருக்கறனல்லோ."

"இருக்கறீங்க. ஆனா நா நெனச்ச நேரத்துக்கு நா போவோணும்."

"அது மறுக்காப் பத்துனா? ரோட்டுல போறப்பப் பத்துனா என்ன பண்ணுவ?"

"நீங்க தண்ணி ஊத்தாம இருந்தீங்கன்னா பத்தாதுங்க" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

நினைத்ததும் கிடைத்துவிடுகிற சாமான் இல்லை அது. கோயம்புத்தூரில் விசாரித்த கடைக்காரர், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரும் வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வேறு மெக்கானிக் ஒருவர் மிஞ்சிய வளையத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பூந்தொட்டி வைக்கலாம் என்றார். நான் விடவில்லை. ஒற்றைச் சக்கரம் ஓட்டுகிறவர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். தம்பியை நச்சரித்து அதில் சேர்ந்தேன். எல்லாம் ஹெல்மெட் மாட்டிய இளவட்டங்கள். பால் கேனோடு ஓட்ட வேண்டும் என்று நான் எழுதியதும் சிரிப்பு பொம்மைகளாக வந்து குவிந்தன. குவியட்டும் என்று தினமும் எழுதினேன். ஒருநாள் மூணாறு பக்கம் மாட்டுப்பட்டியிலிருந்து ஒருவர், தன்னிடம் பழசு ஒன்று சும்மா நிற்கிறது என்று பதில் போட்டார்.

எங்கள் தோப்பு இளநீர் ஏற்றிக்கொண்டு மூணாறு போகும் வாடகை பிக்கப்பில் நானும் அவரும் ஏறிக்கொண்டோம். உடுமலை, சின்னாறு, மறையூர் என்று மலை ஏறினோம். மூணாறில் இளநீரை இறக்கிவிட்டு மாட்டுப்பட்டி போனோம்.

விற்க வந்தவர் தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். டேம் பக்கம் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றுகிற மாதிரி இதில் ஏற்றலாம் என்று வாங்கியிருக்கிறார்.

"ஒருத்தனும் ஏற மாட்டேங்கான்க்கா. பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிருதான். ஏறுன ரெண்டு பேரும் விழுந்து எந்திரிச்சு என்னை ஏசிட்டுப் போனானுவ" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "இந்தக் கைய வச்சுக்கிட்டு எப்படிக்கா ஓட்டுவீய?"

"இதை ஓட்டறதுக்குக் கை எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு ஏறினேன். ஏறிய வேகத்தில் விழுந்தேன்.

என் பழைய சக்கரத்தைவிட இது பெரியது, கனமானது. பழையது நான் நினைப்பதற்குள் நகரும். இதை அழுத்திச் சாய்ந்தால்தான் நகர்ந்தது, நகர்ந்தால் சட்டென்று நிற்கவில்லை. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் புல்தரையில் விழுந்தேன், மாடு மேய்ந்த இடத்தில் விழுந்தேன். பழசின் மேல் ஆத்திரமாக வந்தது. என் காலுக்கு அதன் பழக்கத்தைக் கொடுத்துவிட்டுச் செத்துப்போய்விட்டதே என்று. வீட்டுக்காரர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"உடுங்க."

"போதும் அம்மிணி, போலாம்."

"உடுங்கன்னு சொன்னனல்லங்க."

விட்டார். முட்டி எரிந்தது, சேலையெல்லாம் சேறு. மலைப் பனி இறங்கி எதிரில் மரம் தெரியவில்லை. ஓட்டாமல் இதை வாங்கிக்கொண்டு போனால் இதுவும் குடோன் மூலையில்தான் கிடக்கும், நான் ஆயுசுக்கும் பின்சீட்டில்தான் இருப்பேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பழைய பழக்கத்தை மறந்துவிட்டு, முதல் நாள் கட்டுத்தரையில் நின்ற மாதிரி, முழங்காலைத் தளர்த்திக்கொண்டு நின்றேன். மெல்லச் சாய்ந்தேன். அது யோசித்துவிட்டு நகர்ந்தது. மரங்களைச் சுற்றிக்கொண்டு அவர்கள் நின்ற இடத்துக்கே திரும்பி வந்தபோது, விற்பவர் கைதட்டினார். வீட்டுக்காரர் தட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பனி என்றார்.

அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது தூறல் பிடித்தது. பிக்கப்பின் பின்பக்கம் திறந்து கிடந்தது. அவர் சக்கரத்தைச் சாக்கில் சுற்றி முன்னால் தன் இடத்தில் வைத்துவிட்டு, பின்னால் ஏறித் தார்ப்பாயைத் தலைமேல் இழுத்துக்கொண்டார். மறையூர்வரை அப்படியே நனைந்துகொண்டு வந்தார். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஊரில் நான் பழகிக்கொண்டேன். மறுபடியும் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனேன். ஆனால் தனியாக இல்லை. எனக்குப் பின்னால், அதே வேகத்தில், மோட்டார் சைக்கிளில் அவர் வருவார். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு சிறு சாக்கு, அது நிறைய மணல். எங்கே பற்றினாலும் அணைக்கலாமாம். மந்திரிக்குப் பாதுகாப்புப் போகிற மாதிரி இருந்தது. சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், குறுக்கு வரப்பில் இறங்கித் தப்பிக்கக்கூடப் பார்த்தேன். சுற்றிக்கொண்டு வந்து முன்னால் நின்றார். சக்கரம் கிடைத்துவிட்டது, தனியே போகிற சுகம் மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த ஆயுத பூசை வந்தது. எல்லாவற்றையும் கழுவினார். என் சக்கரத்தை மட்டும் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். நான் கேட்கவில்லை. உருட்டிக்கொண்டு வந்து வரிசையில், தட்டு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சந்தனம் ஈரம் என்று அவர் கிட்டே வரவில்லை. நானே வைத்தேன். சூடம் காட்டி முடிந்ததும் வழக்கம்போல வண்டிகளின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். டிராக்டர் நசுக்கியது, மோட்டார் சைக்கிள் நசுக்கியது. அவர் கையில் இன்னும் ஒரு பழம் இருந்தது. அதை என் சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

எனக்குத் திக்கென்றது. ஒற்றைச் சக்கரத்துக்கு அடியில் உருளுகிற பழம் வந்தால் ஆளைத் தூக்கி அடிக்கும். இதை வேறு யாரும் ஓட்டிக் கொடுக்கவும் முடியாது.

"உழுந்துருவனுங்க" என்றேன்.

"நீயா? மாட்டுப்பட்டியில பாத்தனல்லோ" என்றார்.

ஏறினேன். முழங்காலைத் தளர்த்திக்கொண்டு அழுத்திச் சாய்ந்தேன். பழம் பட்டென்று வெடித்தது. சக்கரம் ஒரு குலுக்குக் குலுக்கி நேரானது. நான் நிறுத்தியதும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். புது வேட்டியோடு மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, டயரில் பட்ட எலுமிச்சைச் சாற்றைத் துடைத்தார். ஒரு சொட்டு விடாமல் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்காலப் பாலுக்கு நேரமாகியிருந்தது. கேனை எடுத்தேன். அவர் பழக்கதோஷத்தில் மணல் சாக்கைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். பிறகு சாக்கைக் கட்டுத்தரைக் கம்பத்தோரம் வைத்தார்.

"போய்ட்டு வா அம்மிணி."

வாய்க்கால் கரை திரும்பும் இடத்தில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் வரவில்லை.