ரத்தத்தில் கரைந்த காற்று

கரி, கந்தகம் போன்ற அலோகங்களின் ஆக்சைடு வாயுக்கள் நீரில் கரைந்தால் அமிலமாகும். வருடா வருடம் இந்த வரியைக் கரும்பலகையில் எழுதுகிறேன். கந்தகத்தை எரித்து, புகையை ஜாடியில் பிடித்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் நீல லிட்மஸ் தாள் சிவந்துவிடும். பிள்ளைகள் இருமிக்கொண்டே கை தட்டுவார்கள். கரியமில வாயுவுக்கும் இதே விதிதான் என்று சோடா பாட்டிலைக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அது அப்பாவின் உடம்புக்குள்ளும் நடக்கும் என்று யோசித்ததே இல்லை.

அப்பா மில்லில் பஞ்சுத் தூசிக்குள் வேலை பார்த்தவர். மில்லை மூடியபின் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குக் காவலுக்குப் போனார். தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலை அரித்துவிட்டன. போன வருடம் ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"குமிழ் ஒன்னுலதான் இருக்கணும். விரல்ல மாட்டிப் பாத்தா தொண்ணூறு காட்டினா போதும். ஏத்தாதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அந்தக் குமிழை அம்மாவைத் தவிர யாரும் தொட அப்பா விடமாட்டார். நான் கைவைத்தால், "உங்கம்மா வரட்டும்" என்பார். வேதியியல் டீச்சரான எனக்கு அதில் கொஞ்சம் ரோஷம்தான்.

கொரோனா எங்கள் சனங்களையெல்லாம் அரை டாக்டர் ஆக்கிவிட்டுப் போயிருந்தது. விரலில் மாட்டும் கருவி காட்டும் எண்தான் உயிர் என்று ஆகிவிட்டது. நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஒருநாள், பிள்ளைச்சாவடியிலிருந்து அப்பாவின் தங்கை பார்க்க வந்தாள். கருவியைப் பார்த்ததும் அத்தை மாரில் கைவைத்துக்கொண்டாளாம்.

"என்னா அண்ணி, தொண்ணூறுதான் காட்டுது! எங்க தெருவுல தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனாலே தூக்கிகினு ஓடுனாங்க. நீங்க பாட்டுக்கு ஒக்காந்திருக்கீங்களே?"

சொன்னவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். கேட்டவள் குமிழை நாலுக்குத் திருப்பிவிட்டாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா பேசும்மா. ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லா தூங்குறாரு. தொண்ணூத்தெட்டு காட்டுது பாரு." அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. மெஷினைப் பார்த்தேன், குமிழ் நாலில் இருந்தது. அதை ஒன்றுக்கு இறக்கினேன். அப்பாவை உலுக்கினேன். கண்ணைத் திறந்தார், என்னைத் தெரியாதவர் போலப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் வெளியே வந்தார். "இவரு ஒடம்புல கரியமில வாயு ரொம்ப நாளா தேங்கியிருக்கு. இந்த மாதிரி ஆளுக்கு ஆக்சிஜன் அளவு மீறுனா, அது வெளிய போறது இன்னும் கொறஞ்சிடும். ரத்தத்துல அமிலம் ஏறிடுச்சு. அந்த மயக்கத்தத்தான் தூக்கம்னு நெனச்சிருக்கீங்க. விரல்ல மாட்டுறது இதக் காட்டாது."

ரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தானே. சோடா பாட்டிலைக் காட்டிப் பாடத்தை முடித்த என் வாயை அப்போது வெறுத்தேன்.

"நான் ஏத்தி வச்சதாலயா?" என்று அம்மா கேட்டாள்.

எனக்கு மழுப்பத் தெரியாது. "ஆமாம்மா" என்றேன். அவள் அழவில்லை. வலது கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அங்கே இருந்தவரை துடைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

முகத்தை இறுக்கும் மாஸ்க் வழியாக ஒரு மெஷின் காற்றைத் தள்ளித் தள்ளி அப்பாவை மீட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டில் பக்கமே வரவில்லை. "நீயே வையிம்மா. நீ படிச்சவ" என்று சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். நான் குமிழில் கைவைத்தேன். அப்பா என் கையை விலக்கினார்.

"உங்கம்மா வரட்டும்."

"என் கை வேணாங்க" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் அம்மா பக்கம் நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. கடைசியில் அவள்தான் வந்தாள். அவள் விரல்களைப் பிடித்துக் குமிழின் மேல் வைத்தார்.

"ஒன்னுதானே?" என்று கேட்டாள்.

"ஒன்னுதான்" என்று சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். "தூங்காதீங்க. கொஞ்ச நேரம் எங்கிட்ட பேசிக்கிட்டே இருங்க."