அனந்தலக்ஷ்மி போட்ட தேதி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது தில்லியில் என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதை ஒன்பது வருடம் முகம் சுளிக்காமல் தாங்கியவர் அனந்தலக்ஷ்மி. இன்று நான் மனைவி மகளோடு ஜனக்புரியில் நிம்மதியாக இருக்கிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவருக்கு லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் வீடு. கணவர் வைத்திக்கு ரயில்வேயில் வேலை. மத்திய அரசு சார்ந்த எங்கள் நிறுவனத்தில், தபால் அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் பதினேழு வருடம் பதிவேடு எழுதியவர் அனந்தலக்ஷ்மி. 1998இல் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கியபோது அங்கே போக ஒருவரும் முன்வரவில்லை. எதிர்த்துப் பேசமாட்டார் என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். அதே மாதம் சேலத்திலிருந்து வந்து ஒப்பந்த எஞ்சினீயராகச் சேர்ந்தேன் நான். தில்லிப் பழக்கத்தில் என்னை 'ராஜவேல்ஜி' என்பார். ஃபிளாஸ்க்கில் கொண்டுவரும் காபியில் பாதி எனக்கு.

எங்களுக்கு நாடெங்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு கிளைகள். இணையத்தில் எந்தப் பெயரைத் தட்டினால் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் கோப்பு, கிளைக்கு ஒன்று. மூலக்கோப்புகள் தில்லி சர்வரில், நகல் சென்னை சர்வரில். கேட்கிறவர்களுக்கு இரண்டில் ஏதாவது ஒன்று பதில் சொல்லும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தேதியை வைத்து எழுதிய ஓர் எண் இருக்கும். சென்னை சர்வர் அதை மட்டும்தான் பார்க்கும். எண் கூடியிருந்தால், கோப்பு மாறிவிட்டது என்று முழுதாக நகலெடுக்க ஆரம்பிக்கும். அனந்தலக்ஷ்மியின் வேலை இந்தக் கோப்புகளில் பெயர் சேர்ப்பது, நீக்குவது.

2002 ஜனவரியிலிருந்து அந்த நகல் வேலை நொண்டியது. நிமிடங்களில் முடிய வேண்டியது மதியச் சாப்பாடு வரை இழுத்தது. அதுவரை சென்னை சர்வர் பழைய விலாசத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். சனி ஞாயிறு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஆகவே வேலை நாட்களின் நெரிசல்தான் காரணம் என்று முடிவுகட்டினேன். டெலிபோன்காரர்களோடு சண்டை போட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு கோப்பு என்றிருந்ததைப் பத்தாக்கினேன். அந்த ஒல்லி லைனில் பத்தும் முட்டிக்கொண்டு இன்னும் மோசமானது.

மார்ச்சில் இயக்குநர் கூப்பிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேலைத் தேர்வின் முடிவுகளைப் புதிய சர்வரில் வெளியிடப் போகிறார்கள். சென்னை அன்றும் பழைய விலாசத்தைக் காட்டினால் என் ஒப்பந்தம் அத்தோடு சரி என்றார். மகள் சிந்துவுக்கு அப்போதுதான் ஜனக்புரி தமிழ்ப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது.

அந்தத் திங்களுக்கு முந்தைய வியாழக்கிழமை காரடையான் நோன்பு. அனந்தலக்ஷ்மி லீவு. அன்று அலுவலகம் முழுக்க நடந்தும் நகல் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. லைன் திருந்திவிட்டது என்று துள்ளினேன். வெள்ளி காலை மறுபடி பழைய குருடி கதவைத் திறந்தாள். தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் முன்னால், நோன்பு அடை டப்பாவை வைத்தார் அவர்.

"ராஜவேல்ஜி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்கோ. சனி ஞாயிறு சரியா இருக்கு. நேத்திக்கு ஆபீஸ் நடந்தது, நான் மட்டும்தான் இல்லே. நேத்திக்கும் சரியா இருந்தது. அப்போ கோளாறு லைன்ல இல்லே, என் கையிலதான்."

"நீங்க பேர் சேர்க்கறீங்க. வேற என்ன பண்றீங்க மேடம்?"

"கார்த்தால வந்ததும் தேதி போடறேனே."

"மாத்தின கோப்புக்குத்தானே?"

"எல்லாத்துக்கும். டெஸ்பாட்ச்ல தபாலே போகாத நாள்லகூட தேதியப் போட்டு, 'நில்', அதாவது ஒண்ணும் இல்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா ஆடிட்காரா விடமாட்டா. டிசம்பர்ல நீங்க ஒரு கமாண்ட் குடுத்தேளே, ஒரே தட்டுல எல்லாக் கோப்புக்கும் தேதி மாத்தறது? அதத்தான் தினம் தட்டறேன்."

டிசம்பரில் எல்லாக் கிளைகளின் விலாசமும் மாறியபோது, அந்த ஒரு நாளுக்காக எழுதிக் கொடுத்த கட்டளை அது. அதை எப்போதெல்லாம் தட்டவேண்டும் என்று அவர் அன்றைக்குக் கேட்டார். "தேதி போடணும், அவ்வளவுதான், ஜல்தி" என்று எரிந்து விழுந்தவன் நான். அப்புறம் அவர் கேட்கவில்லை. மூன்று மாதமாக, ஓர் எழுத்தும் மாறாத முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளைத் தினமும் புதிது என்று நம்பி நகலெடுத்துக்கொண்டிருந்தது சென்னை.

திங்களன்று அவர் அந்தக் கட்டளையைத் தொடவில்லை. தேர்வுக் கோப்பில் மட்டும் விலாசத்தையும் எண்ணையும் மாற்றினோம். அது சென்னைக்குப் போய்ச் சேர எட்டு விநாடி. வேலை பிழைத்தது. என் சாமர்த்தியம்தான் காப்பாற்றியது என்று மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அந்த வருடம் பதவி உயர்வுப் பட்டியலில் அனந்தலக்ஷ்மி பெயர் இல்லை. "நீங்க டைப் அடிக்கிற வேகத்துக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும் மேடம்" என்று கேலி செய்தேன். "அச்சா, அச்சா, போறும்" என்று சிரித்தார்.

2007இல் அனுபவச் சான்றிதழுக்காக என் பழைய ஃபைலைப் பிரித்தபோது அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. "சென்னை நகல் தாமதத்துக்கு என் தவறே காரணம். எஞ்சினீயர் சரியாகவே சொல்லிக்கொடுத்தார். அவர் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." கீழே பச்சை மையில் இயக்குநர்: "ஒப்பந்தம் நீட்டிக்கலாம். இதை எழுதியவரின் பதவி உயர்வை இரண்டு வருடம் நிறுத்தி வைக்கவும்." குறிப்பில் இருந்த தேதி, நோன்புக்கு மறுநாளான அந்த வெள்ளிக்கிழமை. திங்களன்று என்ன ஆகும் என்று தெரியாமலே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஃபைலோடு அவர் மேஜைக்கு ஓடினேன். "நான் சரியாச் சொல்லிக் குடுக்கவே இல்லையே மேடம். எரிஞ்சுதானே விழுந்தேன்? எதுக்கு இப்படி எழுதினீங்க?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொன்னார்.

"நான் பெர்மனென்ட், ராஜவேல்ஜி. என்னை நிறுத்தி வைக்கத்தான் முடியும். உங்களை அனுப்பிடுவா."

அத்தனை பேர் பார்க்க, கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணில் நீர் முட்டியது. அவர் ஃபைலை வாங்கி மூடினார்.

"அச்சா, அச்சா, போறும்" என்றார்.