இரும்பு உத்தரத்துக்கு வைத்த பொட்டு

எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. ஆனால் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய ரயில் நிலையம் என் கையும் பட்டு எழுந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அங்கே சித்தாளாக இருந்தேன். தூண்களின் தலையில் இரும்பு உருளைகளை வைத்து, அவற்றின்மேல் கூரை உத்தரத்தை இறக்குவார்கள். வெயிலில் இரும்பு நீளும்போது உத்தரம் நகர அந்த உருளைகள் வேண்டும். மணல் ஒட்டினால் சிக்கிக்கொள்ளும். அவற்றைத் துடைத்துக் கிரீஸ் பூசுவது என் வேலை.

முதல் உத்தரம் ஏற்றும்முன் அதற்குப் பொட்டு வைப்பது வழக்கம். மேஸ்திரி ராவுத்தர் குங்குமத் தட்டை என்னிடம் நீட்டினார். கணவர் போய் வருஷம் திரும்பாத நேரம். நான் பின்வாங்கினேன்.

"ஏனுங்க மேஸ்திரி, நல்ல காரியத்துக்குத் தாலியறுத்தவதான் கெடைச்சாளா?" என்றாள் கூட வேலை செய்தவள்.

"பொட்டு இரும்புக்குத்தானே, உன்ற நெத்திக்கா?" என்றார் ராவுத்தர் அவளிடம். எல்லோரும் சிரித்தார்கள். "இத்தன பாரமும் இவ தொடச்ச உருளை மேலதான் உக்காரப் போகுது. அதுக்கு ஆகற கை இதுக்கு ஆகாதா? நீ வை அம்முணி."

வைத்தேன். பொட்டு கொஞ்சம் கோணல். உத்தரம் மேலே போய், உருளைகள்மேல் அலுங்காமல் அமர்ந்தது.

அதன்பிறகு எந்த விசேஷ வீட்டிலும் நான் ஒதுங்கி நின்றதில்லை. என் மகளுக்குக் கல்யாணப் பொட்டு வைத்ததும் நான்தான்.