நசீமாவின் அவரைக்கு மலையேறிய வேன்

காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன வேன் ஆறு மணிக்கே வந்துவிட்டது. வேலூரில் இப்படி ஒரு அநியாயத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் டிரைவர் பாபு இறங்கி நின்று, யாரையும் காணோம் என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பதினைந்து ரூபாய் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி வேடிக்கை பார்த்தேன். திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி என்பது டீ முடிந்த பிறகுதான் உறைத்தது.

நாங்கள் மாடியில் செடி வளர்க்கிறவர்கள். போனில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. காலையில் ஒருத்தர் கத்தரிப் பூவைப் படம் பிடித்துப் போட்டு வணக்கம் சொல்வார். "பூவு நல்லா கீது, கீழ இலையில உக்காந்துக்கினு கீதே மாவுப்பூச்சி, அதுக்கும் சேத்து வணக்கமா?" என்று இன்னொருத்தர் கேட்பார். அங்கே ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை பேச்சு ஓடும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், அவசரத்துக்கு எழுத வராது. பேசித்தான் அனுப்புவேன். குழுவில் எல்லாருக்கும் நான் ஆயா.

இந்தக் குழுவில் ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு வாங்கிய செடி பிடிக்காது, கேட்காமல் கிள்ளி வந்ததுதான் தழைக்கும். கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டு, மண்டப வாசல் தொட்டியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுதான் வருவோம். கொடுக்கிறவர்களும் இது தெரிந்து, "நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்" என்று முதுகைக் காட்டி நின்று உதவுவார்கள். இந்தக் கலையில் எனக்குப் பெயர் கொஞ்சம் அதிகம். நான் வருகிறேன் என்றால் மாடிக் கதவைப் பூட்டுகிற உறுப்பினர்களும் இருக்கிறார்கள்.

ஆறரைக்கு மற்றவர்கள் வந்தார்கள். முதலில் செல்வம் சார். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுரைக்காயைத் தன் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுவார். எது காய் என்று நான் தினமும் கேட்பேன். அடுத்து தேவகி, கணியம்பாடியில் துணி தைக்கிறவள். வேன் அவள் ஊர் வழியாகத்தான் போகும், ஜன்னலோரம் பிடிக்க இங்கேயே வந்துவிட்டாள். எந்தப் பூச்சிக்கும் புளித்த மோர்தான் மருந்து என்பாள். அவள் மாடிக்குப் போய் வந்தால் பூச்சி சாகிறதோ இல்லையோ, நமக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

கடைசியாக வாணியம்பாடி பஸ்ஸிலிருந்து இறங்கினாள் நசீமா. இந்தப் பயணமே அவளுக்காகத்தான்.

குழுவில் அதிகம் பேசுகிறவள் அவள். பேச்சை அனுப்பினாள் என்றால் சோறு வடித்து இறக்குகிற நேரம் ஓடும். அப்படிப்பட்டவள் ஆவணியிலிருந்து வாயே திறக்கவில்லை. வெயில் இறங்காமல் இருக்க வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் மாடியில் வெள்ளை ஓடு பதித்தார். வேலைக்கு வந்தவர்கள் தொட்டிகளைக் கவிழ்த்து மண்ணை மூட்டை கட்டினார்கள். அதில் அவளுடைய அவரைக்கொடியும் போயிற்று. பட்டையான காய், ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு. அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த விதை. அந்த அம்மா போன வருடம் இறந்துவிட்டார். டப்பாவில் எடுத்து வைத்த விதையையும் வண்டு துளைத்துவிட்டது.

அந்த அவரை உயிரோடு இருந்தது ஒரே இடத்தில்தான். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஊரில் எங்கள் குழுவின் சின்னப்பொண்ணு இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் நசீமா அவளுக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். "மழையில எல்லாம் அழுகிப் போச்சுக்கா. வேலியோரம் நாலு காய் மட்டும் விதைக்கு வுட்டு வச்சிருக்கேன். வந்து எடுத்துக்குங்க" என்று சின்னப்பொண்ணு பேசி அனுப்பினாள். கொரியரில் போடச் சொல்லலாமே என்றார் செல்வம் சார். நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஊர் சுற்ற இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

ஏழு மணிக்குக் கணியம்பாடியைத் தாண்டினோம். நசீமா ஜன்னலோரம் உட்கார்ந்து பேசாமல் வந்தாள். அவளைப் பேச வைக்க நாங்கள் மாற்றி மாற்றிப் பேசினோம்.

"இன்னா செல்வம் சார், சொரக்காய இட்டுனு வர்லியா?" என்றேன்.

"வூட்ல காவலுக்கு வச்சிட்டு வந்துகிறேன் ஆயா. நீங்க வேன்ல கீறீங்கன்றதால இன்னைக்கு பயமில்ல."

"அவரு தலைக்கு எண்ணெய் வச்சா சொரக்காய்க்கும் சேத்து வைக்கணும் ஆயா, பாவம் செலவு" என்றாள் தேவகி.

பாபு கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். திருடினால்தான் செடி பிடிக்கும் என்பது பற்றி அவருக்கு நிறையச் சந்தேகம். "கடைல காசு குடுத்து வாங்குனா?" என்று கேட்டார். பாதி பிடிக்கும் என்று தேவகி சொன்னாள். "வண்டிகூட அப்டித்தாம்மா" என்றார் அவர். "டியூ கட்டி வாங்குனா பாதிதான் நம்முது."

நசீமாவின் உதடு லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

ஏழரைக்கு அமிர்தி. வேலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு விட்டார்கள். அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். கீழே தை மாத வயல்கள் பச்சைத் துணி விரித்த மாதிரிக் கிடந்தன. காற்றில் குளிர் ஏறிக்கொண்டே வந்தது. புடவைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு செல்வம் சார் கண்ணை மூடிக்கொண்டார். கம்பம் ஏறிப் பிழைத்த மனுஷனுக்கு இது ஒரு உயரமா என்று கேட்டேன். "கம்பம் திரும்பாது ஆயா" என்றார். நியாயமான பதில்தான்.

ஒன்பதரைக்குச் சின்னப்பொண்ணு வீடு. ஓட்டு வீடு, சுற்றிலும் முள்வேலி, முற்றத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். குரலை வைத்து நான் குண்டான பெண்ணாக நினைத்திருந்தேன், எலும்பும் தோலுமாக இருந்தாள். அவளும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆயா, நீங்க இவ்ளோ குள்ளமா? பேச்சக் கேட்டா பனமரம் மாதிரி இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"பேச்சு வளந்துச்சும்மா, எனக்குத் தண்ணி பத்தல."

வந்தவர்கள் சாப்பிட்டுத்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு, ஏதோ ஒரு காட்டுக்கீரைக் கடைசல். சமையல் முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்றாள். அதற்குள் ஆளாளுக்கு எழுந்து போனார்கள். செல்வம் சார் செருப்பைத் தேடினார். தேவகி கை கழுவப் போனாள். பாபு டயருக்குக் காற்று பார்க்கப் போனார். நசீமா, மலை தெரிகிறதா பார்க்கிறேன் என்று எழுந்தாள். நான்கு பக்கமும் மலை இருக்கிற ஊரில் அதற்கு எழுந்திருக்கவே வேண்டாம். நான் அடுப்படியில் சின்னப்பொண்ணுவுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தேன். குளிருக்கு அடுப்பு சுகமாக இருந்தது.

வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு சின்னப்பொண்ணு நசீமாவின் கையைப் பிடித்து வேலியோரம் அழைத்துப் போனாள். நாங்கள் பின்னால் போனோம். கொடி இருந்தது. இலை பழுத்து, தண்டு காய்ந்து இருந்தது. காய் ஒன்றுகூட இல்லை.

சின்னப்பொண்ணு கொடியைத் தூக்கிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து பார்த்தாள். "காலைல பாத்தேனே. நாலும் இருந்துச்சே" என்றாள். பிறகு வேலியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பாழாப்போன கொரங்குதான். ரெண்டு நாளா சுத்திச்சு. நான் இங்கயே நின்னுருக்கணும்."

நசீமா அவள் தோளைத் தொட்டாள். "வுடும்மா. இன்னா செய்ய முடியும்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் எதையும் தொடவில்லை. தொடாதபோது பார்க்கிற பார்வை கொஞ்சம் சுடத்தான் செய்கிறது.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். ஆளுக்கு ஒரு படி சாமையை முடிந்து கொடுத்தாள் சின்னப்பொண்ணு. கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. சுரைக்காய்ப் பேச்சும் மோர்ப் பேச்சும் இல்லாமல் வேனில் ஐந்து கிலோமீட்டர் போனோம். நம்மியம்பட்டு வந்ததும் போனுக்கு சிக்னல் வந்தது. எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் கத்தியது. சின்னப்பொண்ணு குழுவில் பேசி அனுப்பியிருந்தாள். எல்லாரும் கேட்க நான் போட்டுவிட்டேன்.

"நசீமாக்கா, மன்னிச்சிக்குங்க. உங்க அம்மா வெதையக் காப்பாத்திக் குடுக்க என்னால முடியல. உங்க மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியல, அதான் இதுல சொல்றேன். இனிமே எனக்கு யாரும் வெத அனுப்பாதீங்க. நான் குழுவ வுட்டுப் போய்டறேன்."

மூக்கு உறிஞ்சும் சத்தத்தோடு அவள் பேச்சு நின்றது.

தேவகி ஜன்னலைப் பார்த்தாள். செல்வம் சார் கண்ணை மூடிக்கொண்டார். அங்கே வளைவே இல்லை. பாபு வேனை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"ஆயா, திட்டாதீங்க" என்றாள் தேவகி. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு அவரைக்காய், ஓரத்தில் கோடு. "நசீமாக்காக்கு நான் திருடிக் குடுத்தா நல்லாப் பிடிக்குமேன்னு ஒன்னே ஒன்னுதான் எடுத்தேன். மிச்சம் மூணு கொடிலதான் இருந்துச்சு."

"ரெண்டுதாம்மா இருந்துச்சு" என்றார் செல்வம் சார், கண்ணைத் திறக்காமல். மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். "நான் எடுத்தப்போ மூணு. எடுத்தப்புறம் ரெண்டு."

நான் பாபுவைப் பார்த்தேன். அவர் தலைக்கு மேல் வெயில் மறைப்பைத் திருப்பினார். சாமி படத்துக்குப் பின்னால் மூன்றாவது. "வழியெல்லாம் சொல்லிக்கினே வந்தீங்களே. பாவம், அந்தம்மாவுக்கு நம்மாலானதுன்னு" என்றார்.

நான்காவதற்காக மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் முந்தானையை உதறிக் காட்டினேன். சுருக்குப்பையைக் கவிழ்த்தேன். வெற்றிலை விழுந்தது, பாக்கு விழுந்தது.

அப்போது நசீமா பர்தாவுக்குள் கையை விட்டாள். நான்காவது காய் வெளியே வந்தது.

"அவ கையால குடுத்தா புடிக்காம பூடுமோன்னு பயந்துட்டேன் ஆயா" என்றாள். "எடுத்துட்டு வந்தா, மிச்சமும் காணோம். நான் எடுத்துட்டேன்னு எப்டி சொல்றது? மொத்தத்தையும் நானே எடுத்துட்டேன்னு ஆயிடுமே. அல்லா, அந்தப் பொண்ணு கொரங்கத் திட்னா, எனக்கு நின்ன எடத்துல பூமி பொளந்தா தேவலன்னு இருந்துச்சு."

அவளுடைய கொடி, அவளுடைய அம்மா விதை, அவளுக்கென்றே காத்து வைத்த காய். அதை அவளே திருடியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன். முதலில் நசீமாவும் சிரித்தாள், பிறகுதான் அழுதாள்.

"வண்டியத் திருப்புண்ணா" என்றாள் பாபுவிடம்.

பாபு ஏற்கெனவே திருப்பிக்கொண்டிருந்தார். டீசல் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு மணிக்கு மறுபடி அதே வீட்டு வாசல். சின்னப்பொண்ணு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதையோ மறந்துவிட்டோம் என்று நினைத்து எழுந்து வந்தாள். நான்கு பேரும் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். ஆளுக்கு ஒரு அவரைக்காய். அவள் விரலால் நான்கையும் எண்ணினாள்.

"படிச்ச மனுஷன், நீங்களுமா சார்?" என்றாள். பிறகு இடுப்பில் கையை வைத்து, "நான் கொரங்க அவ்ளோ திட்டிட்டனே. அது காதுல வுழுந்திருந்தா இன்னா நெனச்சிருக்கும்?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது குழுவ வுட்டே பூடுச்சாம்" என்றேன்.

நசீமா தன் காயைச் சின்னப்பொண்ணு கையில் வைத்து அழுத்தினாள். "இது உன்னுது. இங்கயே போடு. நீ இல்லன்னா எனக்கு எதுவும் மிஞ்சியிருக்காது." பிறகு மற்ற மூவரையும் பார்த்தாள். அவர்கள் நீட்டிய காய்களை அவள் வாங்கவில்லை. "நீங்க எடுத்தத நீங்களே போடுங்க. ஒரு வூட்டு மாடியில மட்டும் வச்சிருந்ததாலதான எல்லாம் போச்சு? கணியம்பாடில ஒன்னு, வேலூர்ல சார் வூட்ல ஒன்னு, பாபு அண்ணன் வூட்ல ஒன்னு. காச்சதும் எனக்கு நாலு வெத குடுங்க. எங்கம்மா அவரை எத்தினி வூட்டுல கீதுன்னு நான் எண்ணிக்கினு இருக்கேன்."

பாபுவுக்கு மாடியே கிடையாது. வாடகை வீடு. ஆனாலும் காயைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இறங்கும் வழியெல்லாம் நசீமா பேசினாள். ஆவணியிலிருந்து சேர்த்து வைத்த பேச்சு. ஓடு பதிக்க வந்தவர்கள், வீட்டுக்காரர், வண்டு, வாணியம்பாடி வெயில், எதையும் விடவில்லை. அமிர்தி வந்தபோது செல்வம் சாருக்குத் தலைவலியே வந்துவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த நல்ல பொழுதுகளில் அந்த இறக்கமும் ஒன்று. முகம் தெரியாதவள் விதையைக் காத்து வைக்கிறாள். டயர் பார்க்கப் போன டிரைவர் வேறொருத்திக்காகக் காய் பறிக்கிறார். இப்படிப்பட்ட ஆட்களை எனக்கு இந்த வயசில் கொண்டு வந்து சேர்த்தது நாலு தொட்டியும் கொஞ்சம் மண்ணும்தான்.

ஒரே ஒரு மனக்குறை. கணியம்பாடி தாண்டியதும் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா நசீமா, திருடினவங்களுக்கெல்லாம் பங்கு. யோக்கியமா அடுப்பாண்ட ஒக்காந்திருந்த எனக்கு ஒன்னும் இல்லியா?"

நசீமா யோசித்தாள். "உங்களுக்குக் குடுத்தா புடிக்காது ஆயா. இவங்கள்ல யாராவது வெத குடுத்ததும் எங்க மாடியிலயும் போடுவேன். காய் முத்துனதும் சொல்றேன், வாங்க. நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்."

நான்கு மணிக்கு வேலூரில் இறங்கினேன். மலையில் மூடிய புடவைத் தலைப்பால் இங்கே விசிறிக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனதும் மாடியேறி, ஒரு பெரிய தொட்டியைக் காலி செய்து, புது மண் கொட்டி, தண்ணீர் தெளித்து வைத்தேன். அதில் இப்போது எதுவும் போடவில்லை. மகன் பார்த்துவிட்டு, சும்மா கிடக்கிறதே, கொத்தமல்லியாவது தூவலாமே என்றான்.

"அது ஆளு வர்ற எடம், தொடாத" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.