மாலை ஆறு மணிக்குள் ஒரு கதவு

பூட்டுக்காரர் மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஒரே ஒரு கம்பியோடு தெருவுக்கு வந்து, சொந்தக் கடை, அரசாங்க உரிமம் என்று யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவர். தன்னை நாலு நிமிஷத்துக்கு மேல் நிற்க வைக்கும் பூட்டு இன்னும் பிறக்கவில்லை என்பார். பொய்யும் இல்லை. திருட்டுச் சாமான் பதுக்கிய அறை, பெற்ற பிள்ளையை அப்பன் அடைத்து வைத்த அறை என்று போலீசுக்கு எத்தனையோ கதவுகளை நிமிர்ந்த தலையோடு திறந்து கொடுத்திருக்கிறார்.

அன்று ஐந்தேகாலுக்கு மூன்றாம் மாடியில், போலீஸ் அதிகாரியும் ஆட்களும் பின்னால் நிற்க, அவர் மண்டியிட்டது வேறு மாதிரிக் கதவின் முன். உள்ளே கணவனை இழந்த டீச்சரும் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவரும் இருந்தார்கள். தாலி இல்லாமல் ஒரு கூரையின் கீழ் இருந்தால் ஆறு மாதம் சிறை என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. கதவை உடைக்கக் கூடாது, பூட்டைத் திறக்கலாம். சோதனை உத்தரவு மாலை ஆறு வரைதான் செல்லும். அடுத்த உத்தரவு வாங்க இரண்டு நாள் ஆகும். அதற்குள் அந்த ஆள் வெளியே போய்விடலாம்.

சாவித் துவாரத்தில் காதை வைத்தார். உள்ளே ஓர் ஆண் இருமினார். "மெதுவா இருமுங்க, தண்ணி குடிங்க" என்று டீச்சர் கிசுகிசுத்தது கேட்டது. இதைப் பிடிக்கவா இத்தனை பேர் மாடி ஏறி வந்தார்கள்?

அதற்குள் கை அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கியிருந்தது. பூட்டுக்குள்ளிருந்த ஆறு லீவர் தகடுகளில் ஐந்தைத் தூக்கியாகிவிட்டது. வெடுக்கென்று கம்பியை இழுத்தார். ஐந்தும் சடசடவென்று விழுந்தன.

"என்ன பெரியவரே, நாலு நிமிஷம்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டீங்க?" என்றார் அதிகாரி.

எதிர்வீட்டு அம்மாள் தன் கொண்டை ஊசியைத் தரட்டுமா என்று கேட்டாள். படிக்கட்டே சிரித்தது. நாற்பது வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. காது மடல் எரிந்தது. மறுபடி கம்பியை நுழைத்தார், மறுபடி கடைசித் தகட்டுக்கு முன் கையை நிறுத்திக்கொண்டார்.

ஐந்து ஐம்பதுக்கு அதிகாரி பக்கத்துத் தெருப் பூட்டுக்காரனை வரவழைத்துவிட்டார். ஆனால் முதல் ஆள் தன்னால் முடியவில்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் இரண்டாம் ஆள் தொடலாம் என்பது விதி. அதிகாரி காகிதத்தை நீட்டினார்.

"படிச்சுட்டுத்தான் போடுவேங்க" என்றார் பூட்டுக்காரர்.

எழுத்துக் கூட்டித்தான் அவருக்குப் படிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தார். 'தொழில் தெரியாதவர்.' 'உரிமம் ரத்து செய்யலாம்.' அந்த வரியை உண்மையாகவே இரண்டு தடவை படித்தார். கடை போனால் வீட்டில் என்ன சொல்வது?

"சீக்கிரம்யா. அதுல என்ன ராமாயணமா எழுதியிருக்கு?"

"இன்னும் ரெண்டு வரி இருக்குங்க."

கீழே ஆலையின் ஆறு மணிச் சங்கு ஊதியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பூட்டுக்காரர் பேனாவை வாங்கி, தன் பெயரை ஓர் எழுத்தும் விடாமல் முழுசாக எழுதினார்.